டாரட், சக்கரம், ஆவி, எகிப்து ரகசியம்: இவை உண்மையில் எவ்வளவு பழையவை?

முல்லைக்கொடி

எல்லோருக்கும் வணக்கம். போன மாதம் சனிக்கிழமைதோறும், படச் சீட்டு வைத்துக் குறி பார்க்கும் ஒரு டாரட் வகுப்புக்குப் போய் வந்தேன். சொல்லிக்கொடுத்த அம்மா பொறுமையானவர், அன்பானவர். இந்தச் சீட்டுகள் எகிப்தியப் பூசாரிகள் 5000 வருடங்களுக்கு முன்னால் எழுதி ஒளித்துவைத்த ஞான நூல் என்று முதல் நாளே சொன்னார். மூன்றாவது வாரம் ஏழு சக்கரம், ஏழு வானவில் நிறம் என்று ஒரு படம் காட்டினார். அது வேத காலத்திலிருந்தே அப்படித்தான் என்றார்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் காட்டினேன். அவர் தினமும் திருமந்திரம் படிப்பவர். "ஆறு ஆதாரம் தெரியும்மா. இந்த வானவில் எங்கேயிருந்து வந்தது?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. அம்மா போன பிறகு ராத்திரியில் தூக்கம் வராத நேரத்தில் அந்தச் சீட்டுகளைப் பரப்பிப் பார்த்துக்கொண்டிருப்பது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. அதனால்தான் கேட்கிறேன். எது எங்கிருந்து வந்தது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சுவடிக்காரன்

சகோதரி, அம்மாவின் பிரிவுக்கு என் வருத்தங்கள். இந்த விஷயத்தைப் பல வருடங்களாகத் தேடித்தேடிப் படித்து வருகிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

டாரட் பிறந்தது எகிப்தில் இல்லை, இத்தாலியின் வடக்கில். 1440களில் மிலான், ஃபெராரா போன்ற ஊர்களின் அரண்மனைகளில் அது வெறும் சீட்டாட்டம். சாதாரணச் சீட்டுக்கட்டோடு படம் போட்ட 22 சீட்டுகளைச் சேர்த்தார்கள். அவை மற்றச் சீட்டுகளை வெட்டும். அவற்றுக்கு இத்தாலியப் பெயர் 'டிரியோன்ஃபி', வெற்றிகள் என்று பொருள். நாம் சீட்டாடும்போது 'துருப்பு' என்கிறோமே, அதுவும் அந்தச் சொல்லின் குடும்பம்தான். 300 வருடங்களுக்கு மேல் மக்கள் அதை வைத்து விளையாடினார்களே தவிர, யாரும் எகிப்து என்று சொல்லவில்லை.

1781இல் பாரிஸில் கூர் த ஜெபலான் என்ற அறிஞர், தெரிந்தவர் வீட்டில் இந்தச் சீட்டு ஆடுவதைப் பார்த்தார். பார்த்த மாத்திரத்தில், இது எகிப்தியர்களின் தோத் தெய்வத்து நூல் என்று முடிவு கட்டி, தன் பெரிய நூல் வரிசையில் அச்சடித்துவிட்டார். ஒன்றை யோசித்துப் பாருங்கள். எகிப்தியச் சித்திர எழுத்தை ஷாம்போலியோன் படித்துக் காட்டியது 1822இல். ஜெபலான் எழுதியபோது உலகத்தில் ஒருவருக்கும் அந்த எழுத்தில் ஒரு வரி படிக்கத் தெரியாது. படிக்க முடியாததால் என்ன வேண்டுமானாலும் அதற்குள் இருப்பதாகச் சொல்ல முடிந்தது. படிக்க முடிந்த பிறகு பார்த்தால், எந்தக் கல்வெட்டிலும் பாப்பிரஸிலும் டாரட் இல்லை. ஆனால் அதற்குள் கதை வேர்விட்டுவிட்டது.

அப்புறம் 1850களில் அல்ஃபோன்ஸ் லூயி கோன்ஸ்தான் வந்தார். பாதிரியாராகப் படித்து, பட்டம் வாங்குவதற்கு முன் வெளியேறியவர். எலிஃபாஸ் லெவி என்று எபிரேயச் சாயலில் பெயர் வைத்துக்கொண்டு எழுதினார். 22 படச் சீட்டு, எபிரேய மொழியில் 22 எழுத்து. இரண்டையும் ஒன்றோடொன்று கோத்தார். இன்று டாரட் வகுப்பில் யூத கபாலா என்று ஒரு பாடம் வருகிறதென்றால், அது அவர் போட்ட முடிச்சு. கபாலா உண்மையாகவே பழைய யூத மறைஞான மரபு. டாரட்டுக்கும் அதற்கும் அதற்கு முன் உறவே கிடையாது.

நீலவானம்

நல்ல விளக்கம் ஐயா. ஒரு சந்தேகம். உலகத்தில் இத்தனை நாடு இருக்க, எதற்கெடுத்தாலும் ஏன் எகிப்து?

சுவடிக்காரன்

அதற்கு இன்னும் 300 வருடம் பின்னால் போக வேண்டும்.

சுமார் 1460இல் ஒரு துறவி மாசிடோனியாவிலிருந்து ஒரு கிரேக்கச் சுவடியை ஃபிளாரன்ஸ் நகரத்துக்குக் கொண்டுவந்தார். ஹெர்மீஸ் டிரிஸ்மெகிஸ்டஸ், அதாவது 'மும்மடங்கு மாபெரும் ஹெர்மீஸ்', என்ற எகிப்திய ஞானி எழுதியதாகச் சொல்லப்பட்ட உரையாடல்கள். நகரத்தை ஆண்ட கோசிமோ த மெடிச்சிக்கு அப்போது முதுமை. அவருக்காக மார்சிலியோ ஃபிசினோ பிளேட்டோவை மொழிபெயர்க்க உட்கார்ந்திருந்தார். கோசிமோ என்ன சொன்னார் தெரியுமா? பிளேட்டோவை எடுத்து வை, முதலில் ஹெர்மீஸை முடி. மோசேயின் காலத்து நூல் என்று நம்பினார்கள். சாவதற்குள் படித்துவிட வேண்டும் என்ற தவிப்பு. 1463இல் ஃபிசினோ முடித்துக் கொடுத்தார், அடுத்த வருடம் கோசிமோ இறந்துபோனார். இந்தக் காட்சியை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கும்.

1614இல் ஐசக் கசோபன் என்ற கிரேக்க மொழி அறிஞர் அந்த நூலின் சொற்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். நடை மோசே காலத்தது இல்லை, கிறிஸ்துவுக்குப் பிந்தியது. பிற்காலத்தில்தான் வழக்குக்கு வந்த சொற்கள் உள்ளே இருக்கின்றன என்று காட்டினார். நம் ஊரில் அகத்தியர் பெயரில் வரும் சில பாட்டுகளின் காலத்தை மொழியைப் பார்த்தே கணிப்பார்கள் அல்லவா, அதே வேலை. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அந்த நூல்கள் ரோமானியர் கால எகிப்தில் எழுதப்பட்டவை, அதில் எகிப்திய வாசனை கொஞ்சமும் இல்லை என்று இப்போது யாரும் சொல்வதில்லை.

வினோதம் பாருங்கள், அதே 1614இல்தான் ஜெர்மனியின் காசல் நகரத்தில் ரோசிக்ரூசியன் அறிக்கை அச்சானது. அதில் சொன்ன கதை: கிழக்கே போய் ஞானம் கற்று வந்த கிறிஸ்தியன் ரோசன்கிராய்ட்ஸ், அவர் அமைத்த ரகசியச் சங்கம், 120 வருடம் மூடிக்கிடந்து திறந்த அவருடைய கல்லறை. ஐரோப்பா முழுக்க அறிஞர்கள் அந்தச் சங்கத்தில் சேர விண்ணப்பம் எழுதி அச்சடித்தார்கள். சங்கம் எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. காகிதம் முதலில் வந்தது, அதைப் படித்தவர்கள் பிற்பாடு உண்மையான சங்கங்களை உண்டாக்கினார்கள். பின்னால் வந்த எல்லாவற்றுக்கும் இந்த வரிசைதான்.

கொல்லிமலை

எல்லாம் சரி, ஆனால் மூலம் நம்முடையது என்பதை ஏன் சொல்லத் தயங்குகிறீர்கள்? பிரம்மஞான சபையின் பிளாவாட்ஸ்கி அம்மையார் சென்னை அடையாறில் வந்து உட்கார்ந்து, நம் சித்தர்கள் சொன்னதை எடுத்துக்கொண்டு போய்த் தன் சரக்காக விற்றார். இதுதான் நடந்தது.

சுவடிக்காரன்

தம்பி, உங்கள் ஆதங்கம் புரிகிறது. ஆனால் நடந்ததை அதன் வரிசையில் பார்ப்போம்.

1874 அக்டோபரில் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் ஒரு பண்ணைவீட்டில் ஆவிகள் தோன்றுவதாகச் செய்தி. அதை விசாரித்துப் பத்திரிகைக்கு எழுதப் போனவர் கர்னல் ஆல்காட். அங்கேதான் ரஷ்யப் பெண்மணியான பிளாவாட்ஸ்கியைச் சந்தித்தார். 1875 நவம்பரில் நியூயார்க்கில் பிரம்மஞான சபையை (தியோசாபிகல் சொசைட்டி) தொடங்கினார்கள். அம்மையாரின் முதல் பெரிய நூல் 1877இல் வந்தது. அதில் எகிப்து, ஹெர்மீஸ், கபாலா எல்லாம் நிறைய இருக்கிறது. மறுபிறவி? அது எப்போதாவது நடக்கும் விதிவிலக்கு என்றுதான் அதில் எழுதியிருக்கிறார்! 1879இல் பம்பாய்க்கு வந்தார்கள். 1880இல் இலங்கையில் காலி நகரத்தில் இருவரும் பௌத்தப் பஞ்சசீலம் எடுத்தார்கள். 1882 கடைசியில் அடையாறில் குடியேறினார்கள். இந்த வருடங்களில்தான் கர்மாவும் மறுபிறவியும் அவர்கள் போதனையின் நடுவில் வந்து உட்கார்ந்தன. 1888இல் வந்த அவருடைய பெரிய நூலில் அது தெளிவாகத் தெரியும்.

ஆக, நீங்கள் சொல்வதில் பாதி உண்மை. எடுத்துக்கொண்டார்கள். ஆனால் அவர்களுக்குக் கிடைத்த வாசல் தமிழ்ச் சித்தர் பாடல்கள் இல்லை. வேதாந்தமும் பௌத்தமும், ஆங்கிலம் படித்த இந்திய நண்பர்களும்தான். அந்த நண்பர்களில் ஒருவரை நாம் மறந்தே போனோம். டி. சுப்பாராவ், கோதாவரிப் பக்கத்துத் தெலுங்கர், சென்னை உயர் நீதிமன்ற வக்கீல். பிளாவாட்ஸ்கியே தத்துவ விஷயத்தில் அவரிடம் கேட்டுக்கொள்வார். மனிதன் ஏழு தத்துவங்களால் ஆனவன் என்று அம்மையார் சொன்னபோது, இல்லை, நான்காகப் பிரிப்பதே சரி என்று சபைப் பத்திரிகையிலேயே வாதாடினார். 1888 நூலின் கையெழுத்துப் படியைத் திருத்தித் தரக் கேட்டார்கள், மறுத்துவிட்டார். 1890இல் இறந்தபோது அவருக்கு 34 வயதுகூட முடியவில்லை. 'திருடினார்கள்' என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டால், எதிரே உட்கார்ந்து சமமாக வாதாடிய இந்த மனிதர் காணாமல் போய்விடுகிறார். எனக்கு அதுதான் வருத்தம்.

மழைக்காலம்

நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். கல்லூரி விடுதியில் நாங்கள் மூன்று பேர் ஆவியை அழைக்க அட்டையில் எழுத்து எழுதி, நாணயம் வைத்து, விரல் வைத்தோம். நாணயம் நகர்ந்தது. யாரும் தள்ளவில்லை, சத்தியம். அதைப்பற்றி என்ன சொல்கிறீர்கள்? ஒருத்திக்கு இன்னும் பயம் போகவில்லை.

நீலவானம்

இது என் பகுதி. 30 வருடம் இயற்பியல் வாத்தியாராக இருந்தேன், இதை வகுப்பில் சொல்லாத வருடமில்லை.

மகளே, நீங்கள் மூவரும் பொய் சொல்லவில்லை. நாணயம் நகர்ந்ததும் நிஜம். 1853இல் லண்டனில், சுற்றி உட்கார்ந்து கை வைத்தால் ஆவி வந்து மேசையை நகர்த்தும் என்ற மோகம் பரவியபோது, மின்காந்தத் தூண்டலைக் கண்டுபிடித்த அதே மைக்கேல் ஃபாரடே சோதித்துப் பார்த்தார். அட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நடுநடுவே மெழுகுப் பசை தடவி, மேசைமேல் வைத்தார். கைகள் மேல் அட்டையில். மேசைதான் முதலில் நகர்ந்தால் அடி அட்டைகள் முன்னால் போயிருக்க வேண்டும். பார்த்தால் மேல் அட்டை முன்னால் போயிருந்தது! கைதான் தள்ளியிருக்கிறது, கைக்குச் சொந்தக்காரருக்கே தெரியாமல். அடுத்து, அட்டை அசைந்தால் காட்டிக்கொடுக்கும் ஒரு சிறு நெம்புகோலை அவர்கள் கண்ணில் படும்படி வைத்தார். மேசை அசையவே இல்லை. எதிர்பார்ப்பு மட்டுமே தசையை அசைக்கும் என்று 1852இலேயே மருத்துவர் கார்ப்பென்டர் விளக்கியிருந்தார். உங்கள் தோழியிடம் இதைச் சொல்லுங்கள். நீங்கள் போட்ட அட்டையின் அச்சு வடிவம் 1891இல் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கி விற்ற விளையாட்டுப் பொருள், பெயர் ஓயிஜா.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். 1784. பாரிஸில் மெஸ்மர் என்ற வைத்தியர், உடம்புக்குள் ஓடும் காந்த சக்தியைக் கொண்டு நோய் தீர்ப்பதாகச் சொல்லி ஊரே அவர் பின்னால் போனது. மன்னர் ஒரு குழு போட்டார். பெஞ்சமின் ஃபிராங்கிளின், லவுவாசியே எல்லாம் அதில் உண்டு. ஃபிராங்கிளின் வீட்டுத் தோட்டத்தில் ஒரே ஒரு ஆப்ரிகாட் மரத்துக்கு மெஸ்மரின் சீடர் 'காந்தம் ஏற்றினார்'. 12 வயதுப் பையனின் கண்ணைக் கட்டி மரம் மரமாக அணைக்க வைத்தார்கள். நாலாவது மரத்தில் மயங்கி விழுந்தான். காந்தம் ஏற்றிய மரம் அங்கிருந்து 24 அடி தள்ளி இருந்தது. அந்தப் பையன் நடிக்கவில்லை என்பதுதான் என் மனதில் நிற்கிறது. 'எனர்ஜி', 'வைப்ரேஷன்' என்று இன்று கேட்கும் பேச்சு பாதி அங்கிருந்துதான் இறங்கி வந்திருக்கிறது.

சுவடிக்காரன்

ஐயா சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆவியோடு பேசும் இயக்கத்துக்கு ஒரு பிறந்தநாளே உண்டு: 1848 மார்ச் 31. நியூயார்க் மாநிலத்தில் ஹைட்ஸ்வில் என்ற சிற்றூர். ஃபாக்ஸ் வீட்டுச் சின்னப் பெண்கள் இருவர், கேட், மேகி. கேட் விரலைச் சொடுக்கினால் சுவரிலிருந்து பதிலுக்குத் தட்டும் சத்தம். தந்தி வந்து நாலு வருடம்தான் ஆகியிருந்தது. ஊர் விட்டு ஊர் தட்டித்தட்டிச் செய்தி அனுப்பலாம் என்றால், அந்த உலகத்திலிருந்து ஏன் முடியாது என்று மக்களுக்குத் தோன்றியது. 40 வருடம் கழித்து, 1888 அக்டோபரில், மேகி நியூயார்க் மேடையில் ஏறி, கால்விரல் மூட்டைச் சொடுக்கித்தான் அந்தச் சத்தம் வந்தது என்று செய்து காட்டினார். அடுத்த வருடமே அதை மறுத்தார். இருவரும் வறுமையில் செத்தார்கள். இயக்கம் மட்டும் நிற்கவில்லை. முதல் உலகப் போரில் பிள்ளைகளைப் பறிகொடுத்த வீடுகளில் மறுபடி பெருகியது. முல்லைக்கொடி எழுதியதைப் படித்தபோது அந்த வீடுகள்தான் என் நினைவுக்கு வந்தன.

திண்ணை

நான் அடையாறு பக்கத்தில் வளர்ந்தவள். சபைத் தோட்டத்துப் பெரிய ஆலமரத்தை 1989 புயல் சாய்ப்பதற்கு முன் பார்த்திருக்கிறேன். அடிமரம் போய்விட்டது, விழுதுகள் நிற்கின்றன.

இந்தக் கதையின் ஒரு பக்கத்தை எங்கள் வீட்டில் வேறு மாதிரி சொல்வார்கள். 1894இல் ஆல்காட் அங்கே பஞ்சமர் பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளி தொடங்கினார். என் தாத்தா அந்தப் பள்ளியில் எழுத்துக் கற்றவர். ஆவி, மகாத்மா, ரகசியம் எதுவும் அவருக்குத் தெரியாது. பலகையும் சோறும்தான் தெரியும். 1898இல் அயோத்திதாசப் பண்டிதரைக் கொழும்புக்கு அழைத்துப்போய்ப் பஞ்சசீலம் எடுக்க உதவியவரும் அதே ஆல்காட்தான். திரும்பி வந்து பண்டிதர் ராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கம் தொடங்கினார். அதற்கப்புறம் நடந்தது பண்டிதரின் சொந்த அறிவு, சொந்த உழைப்பு. அதை ஆல்காட் கணக்கில் எழுத நான் ஒப்பமாட்டேன். ஆனால் இந்த உறவு இருந்தது.

காந்தியும் கீதையை முதன்முதலில் படித்தது லண்டனில், 1889 வாக்கில், இரண்டு பிரம்மஞான சபை நண்பர்கள் சேர்ந்து படிக்கக் கூப்பிட்டதால் என்று தன் வரலாற்றில் எழுதியிருக்கிறார்.

கொல்லிமலை

அக்கா, இது எனக்குத் தெரியாது. நன்றி. ஆனால் அடையாறில் ஏமாற்று நடந்தது என்கிறார்களே?

சுவடிக்காரன்

நடந்ததாக ஒரு பெரிய குற்றச்சாட்டே உண்டு, நீதிமன்றத்துக்குப் போகவில்லை. அம்மையாரின் அறையை ஒட்டிய அறையில், சுவரில் ஒரு மரப்பேழை. 'மகாத்மாக்கள்' என்று அம்மையார் சொன்ன, மறைந்து வாழும் ஞானிகளின் கடிதங்கள் அதில் தானாக வந்து விழும் என்றார்கள். வீட்டைப் பார்த்துக்கொண்ட எம்மா கூலோம் என்ற பெண்மணிக்கும் சபையாருக்கும் சண்டை வந்தது. 1884 செப்டம்பரில் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரிப் பத்திரிகையில், அம்மையார் தனக்கு எழுதியவை என்று சொல்லிச் சில கடிதங்களைக் கூலோம் வெளியிடச் செய்தார். ஏமாற்று எப்படி நடந்தது என்பது அதில். ஆவி போன்ற விஷயங்களை ஆராயும் லண்டன் சங்கம் ஒன்று ரிச்சர்ட் ஹாட்ஜ்சனை அனுப்பியது. 1885இல் அவர் அறிக்கை அம்மையாருக்கு முற்றிலும் எதிராக வந்தது. அந்த வருடம் மார்ச்சில் அடையாறை விட்டுப் போனவர் பிறகு திரும்பவில்லை. 100 வருடம் கழித்து, 1986இல், அதே சங்கத்தின் இதழில் கையெழுத்து நிபுணர் வெர்னன் ஹாரிசன், ஹாட்ஜ்சனின் விசாரணை ஒருதலையானது என்று எழுதினார். என் முடிவு: பேழைக் கடிதங்களை நான் நம்பவில்லை. ஆனால் ஹாட்ஜ்சன் அவரை ரஷ்ய உளவாளி என்று ஊகித்தது அபத்தம்.

முல்லைக்கொடியின் அப்பா கேட்ட வானவில்லுக்கு வருவோம். 1577இல் வங்கத்தில் பூர்ணானந்தர் எழுதிய ஷட்சக்ர நிரூபணம். பெயரிலேயே ஆறு இருக்கிறது. உச்சியில் சகஸ்ராரம் தனி. இதழ்களுக்கு நிறம் உண்டு, ஆனால் வானவில் வரிசை இல்லை. கல்கத்தா நீதிபதி ஜான் உட்ராஃப் 1919இல் அதை ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். 1927இல் அடையாறிலிருந்து லெட்பீட்டர், தான் ஞானக்கண்ணால் பார்த்ததாகச் சொல்லிச் சக்கரங்களை வண்ணப் படங்களாக அச்சிட்டார். கீழிருந்து சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள் என்று ஒழுங்காக ஊதா வரை போகும் வரிசை நிலைபெற்றது 1970களில், அமெரிக்காவில். சகோதரி, அப்பா கேட்டது சரியான கேள்வி.

கொல்லிமலை

அப்படியானால் கடலில் மூழ்கியதாகச் சொல்லும் லெமூரியா? அதையும் பிளாவாட்ஸ்கிதான் சொன்னாரா?

சுவடிக்காரன்

சொல் அவருடையது இல்லை. 1864இல் ஃபிலிப் ஸ்கிளேட்டர் என்ற விலங்கியலாளர், லெமூர் என்ற குட்டி விலங்குக் கூட்டம் மடகாஸ்கரிலும் அதன் உறவுகள் இந்தியாவிலும் இருப்பதை விளக்க, நடுவில் ஒரு நிலம் இருந்திருக்கும் என்று ஊகித்துப் பெயர் வைத்தார். பிளாவாட்ஸ்கி அந்த நிலத்தில் 'மூன்றாம் மூல இனம்' என்று மனிதர்களைக் குடியேற்றினார். தமிழில் எழுதியவர்களோ பெரும்பாலும் நிலவியல் பக்கத்திலிருந்து அந்தப் பெயரை எடுத்து, சிலப்பதிகாரம் சொல்லும் பஃறுளியாற்றோடும் குமரிக்கோட்டோடும் இணைத்தார்கள். 1960களில் கண்டத்தட்டுகள் நகர்வது உறுதியான பிறகு அறிவியலுக்கு அந்த நிலம் தேவைப்படவில்லை. சிலப்பதிகார வரிகள் அதனால் குறைந்துபோகவில்லை. கடல் கொண்ட நினைவு தனி, ஸ்கிளேட்டரின் லெமூர் தனி.

முல்லைக்கொடி

எல்லோருக்கும் நன்றி. கடைசியாக ஒன்று. என்னிடம் இருக்கும் டாரட் சீட்டுக்கட்டை வரைந்தது யார்?

சுவடிக்காரன்

1888இல் லண்டனில் 'பொன் விடியல்' (கோல்டன் டான்) என்ற மறைஞானச் சங்கம் தொடங்கியது. மரண விசாரணை அதிகாரியான வெஸ்ட்காட், மேதர்ஸ், உட்மன் என்று மூவர். ஒரு சங்கேதச் சுவடி கிடைத்தது, ஜெர்மனியிலிருந்து ஒரு பெண் ஞானி கடிதத்தில் அனுமதி கொடுத்தார் என்றார்கள். அந்தக் கடிதங்களை வெஸ்ட்காட் பொய்யாகச் செய்தார் என்று 1900இல் மேதர்ஸே எழுதிவிட்டார், சங்கம் உடைந்தது. ஆனால் அந்தக் காலத்தில் பெண்களைச் சமமாகச் சேர்த்த சங்கம் அது. கவிஞர் யேட்ஸ் இருந்தார். பமேலா கோல்மன் ஸ்மித் என்ற ஓவியர் இருந்தார்.

1909இல் அதே சங்கத்து வெய்ட் கேட்டுக்கொண்டபடி உங்கள் கட்டை வரைந்தவர் அவர்தான். சாதாரண எண் சீட்டுகளுக்கும் முழுக் காட்சி வரைந்தார். அழுதுகொண்டு படுக்கையில் எழுந்து உட்கார்ந்திருப்பவர், பனியில் நொண்டிக்கொண்டு போகும் இருவர், எல்லாம் அவர் கை. அந்த வருடம் ஒரு நண்பருக்கு, பெரிய வேலை, காசு மிகக் கொஞ்சம் என்று எழுதினார். 1951இல் கார்ன்வாலில் கடனோடு இறந்தார். நூறு வருடம் அந்தக் கட்டுக்குப் பதிப்பாளர் பேரும் வெய்ட் பேரும்தான் வழங்கின.

முல்லைக்கொடி

இப்போதுதான் அப்பாவின் பூதக்கண்ணாடியை வாங்கிப் பார்த்தேன். கீழ் ஓரத்தில் புல் கிறுக்கல் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். அந்த ஓவியர் பெயரின் மூன்று எழுத்து, ஒன்றோடொன்று பின்னி, கொடி மாதிரி. எல்லாச் சீட்டிலும் இருக்கிறது. அழுதுகொண்டு உட்கார்ந்திருப்பவர் சீட்டிலும் இருக்கிறது, படுக்கைக்குப் பக்கத்தில். அப்பாவையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

சனிக்கிழமை வகுப்புக்குப் போவேன். இந்தப் பெயரை அந்த அம்மாவிடம் சொல்ல வேண்டும்.